வாசிகசாலைக் கணினியும் பிறர் அந்தரங்கமும்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)





இம்மேடையிலே சமயம், மொழி, சமூகத் தொண்டு என்பன பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, கணினியிலுள்ள இணைய உலாவி தன் வசதிக்காகச் சேமித்து வைக்கும் பிரதிகளைப் பற்றியது. அதனை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பர். நம் பாடசாலைப் பிள்ளைகள் 'பதுக்கு' என்று படிக்கின்றனர். 'ஆண்டு விழாவுக்கு இஃது ஏற்ற பொருளோ?' எனப் பெரியோர் சிலர் புன்னகை செய்வதைக் காண்கின்றோம். தீர்ப்பை உரையின் முடிவில் நீங்களே கூறுங்கள். முதலில் எம்மால் நேர்ந்த ஒரு பிழையைச் சபையறியச் சொல்லிவிடுகின்றோம்.

எமது வாசிகசாலையிலே பொது உபயோகத்துக்கென ஒரு கணினியை வைத்தோம். பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும், விண்ணப்பம் அனுப்பவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளோடு கடிதப் போக்குவரத்துச் செய்யவும் பலர் வந்தனர். வருவோர் விரைவாக வேலையை முடித்துச் செல்ல வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால், உலாவி எதையும் மறவாதபடி அதனை அமைத்து வைத்தோம். முகவரி நினைவில் இருக்கட்டும், புகுந்த கணக்கு திறந்தபடியே இருக்கட்டும் என்று விட்டோம். அதனை ஒரு சேவையென்றே எண்ணியிருந்தோம்.

ஒருநாள் மாலை ஒரு சகோதரி வந்தார். தமது தாயாரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையை இணைய வழியாகப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தார், தரவிறக்கினார், அச்செடுத்தார், மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்திச் சாளரத்தை மூடிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு மாணவன் வேறெதையோ தேடி முகவரிப் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினான். உலாவி, தான் நினைவில் வைத்திருந்த முகவரியை முழுமையாக நீட்டியது. அவன் அழுத்தினான். கடவுச்சொல் எதுவும் கேளாமலே அறிக்கை திறந்தது. பெயரும் வயதும் நோயும் அதிலிருந்தன. பையன் கெட்டவன் அல்லன். வீட்டிற்குப் போய்க் கண்டதைச் சொன்னான், அவ்வளவே.

மூன்றாம் நாள், அத்தாயார் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் நின்ற ஒருவர், 'ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அக்கா, எல்லாம் சுகம் வரும்' என்று ஆறுதல் கூறினார். தமக்கு இன்ன நோய் என்பதை அத்தாயார் அறிந்தது அவ்வாறுதான். எப்படிச் சொல்வது, எந்த வேளையில் சொல்வது என்று மகள் இரண்டு இரவு உறங்காமல் எண்ணிக்கொண்டிருந்த செய்தியை வேலி முந்திச் சொல்லிவிட்டது. சகோதரி எம்மிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. 'உங்கட கணினியை நம்பி வந்தனான்' என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவே செயற்குழு கூடியது. 'பதுக்குத்தான் காரணம், அதை அழித்துவிட்டால் தீர்ந்தது' என்று ஒருவர் சொன்னார். அழித்தோம், மனநிறைவும் அடைந்தோம். ஒரு வாரத்தின் பின் எம்மில் ஒருவர் ஐயங்கொண்டு பரீட்சித்துப் பார்த்தார். அதே கணக்கு முன்போலவே திறந்தது! உடனே கோபங்கொண்ட மற்றொருவர் பதுக்கு என்பதே வேண்டாம் என அதனை முற்றாக நிறுத்திவிட்டார். பக்கங்கள் நத்தைபோல ஊர்ந்தன. மாதம் முடிய முன்னரே தரவுப் பொதியும் தீர்ந்தது. முதலிற் பிழையான ஆளைப் பிடித்தோம். பின்னர் அந்தப் பிழையான ஆளையே தூக்கிலிட்டோம். அதன் பின்னரே, இது யாது என்று முறையாகக் கற்க வேண்டும் என்னும் அறிவு எமக்குப் பிறந்தது. கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

அன்பர்களே, பதுக்கு என்பது யாது? சமையலுக்கு உப்பு வேண்டும்போதெல்லாம் யாரும் சந்தைக்கு ஓடுவதில்லை. ஒரு பொட்டலம் வாங்கிக் குசினியில் ஒரு பேணியிலே போட்டு வைக்கின்றோம். உலாவி செய்வதும் அதுவே. ஓர் இணையப் பக்கம் என்பது ஒரு பொருளன்று. எழுத்துரு, சின்னம், படம், பக்கத்தை இயக்கும் நிரல் எனப் பல துண்டுகள் சேர்ந்தே ஒரு பக்கமாகின்றது. அவற்றுட் பல நாள்தோறும் மாறுவதில்லை. மாறாதவற்றை ஒருமுறை இறக்கிக் கணினியிலேயே வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடல் கடந்து போய்க் கொண்டுவர வேண்டியதில்லை. விரைவு கூடும், தரவுச் செலவு குறையும்.

இக்கருத்து இணையத்துக்கும் முற்பட்டது. 1965ஆம் ஆண்டிலே கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் மொறிஸ் வில்க்ஸ் என்பார், பெரிய நினைவகத்தின் பக்கத்திலே சிறியதும் விரைவானதுமான ஒரு நினைவகத்தை வைத்து, அடிக்கடி வேண்டப்படுவனவற்றை அதில் நிறுத்தும் முறையை விளக்கி எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'அடிமை நினைவகம்' என்பதாம். 1968ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசையின் 85ஆம் மாதிரிக் கணினியில் அத்தகைய நினைவகத்தை அமைத்தபோது 'கேஷ்' என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. மறைத்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று எனக் கற்ற நமக்கு, மறைத்து வைத்தல் எல்லாம் வஞ்சனை அன்று என்பது புதிதன்று. இரண்டையும் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் சொல்லை நினைவில் வைக்க இஃது உதவும்.

பேணியிலுள்ள பொருள் பழுதாகாதோ என்று நீங்கள் கேட்பது நியாயம். தகரத்தில் அடைத்த பாலிலே முடிவுத் திகதி பொறிப்பதுபோல, பக்கத்தை அனுப்பும் சேவையகமும் தான் அனுப்பும் பொருளின் ஆயுளைச் செக்கன் கணக்கிற் குறித்து அனுப்பும். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த இணையப் பரிமாற்ற விதிகளிலே இதற்கான கட்டளைகள் விரிவாக வகுக்கப்பட்டன. இன்று வழங்கும் விதித்தொகுப்பு 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தது. 31,536,000 செக்கன் என ஒரு படத்துக்கு ஆயுள் குறித்திருந்தால், ஓராண்டு காலம் அதனை மீளக் கேட்க வேண்டாம் என்பது பொருள். ஆயுள் முடிந்ததும் உலாவி பொருளைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. 'என்னிடமுள்ள பிரதி இன்னும் செல்லுமா?' எனச் சேவையகத்தைக் கேட்கும். செல்லுமாயின் 304 என்னும் இலக்கம் மட்டும் விடையாக வரும். பொருள் மறுபடி வாராது. ஒரு சிறு கேள்வி, ஒரு சிறு விடை; வேலை முடிந்தது.

சில சமயம் இக்கணக்குத் தவறிப் பழைய பக்கமே கண்முன் நிற்பதுண்டு. பெறுபேறு வெளிவந்துவிட்டதென ஊரே சொல்ல, நம் திரையில் மட்டும் நேற்றைய அறிவித்தல் காணப்படும். அதற்காகப் பதுக்கு முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியிற் கொன்றோல் விசையுடன் எஃப்5 விசையை அழுத்தினால், அந்தப் பக்கம் மாத்திரம் புதிதாய் வந்து சேரும்.

அந்தரங்கமான பொருள்களை என் செய்வது? அதற்கும் கட்டளையுண்டு. 'நோ-ஸ்ரோர்' என்று சேவையகம் சொன்னால் உலாவி பிரதியை வைத்திருத்தல் ஆகாது. 'நோ-கேஷ்' என்றொரு கட்டளையும் உண்டு. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அது 'வைக்காதே' என்பதன்று. 'வைத்துக்கொள், ஆனால் என்னைக் கேளாமல் எடுத்துப் பரிமாறாதே' என்பதாம். எல்லா நிறுவனங்களும் இக்கட்டளைகளைச் சரிவரப் பயன்படுத்துகின்றன என்று நம்பியிருத்தல் இயலாது. 'நோ-ஸ்ரோர்' ஒன்றை மட்டும் நம்பினால் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடாது என அவ்விதித்தொகுப்பே எச்சரிக்கின்றது. ஆதலின் காவற் பொறுப்பின் ஒரு பங்கு கணினியை ஆள்பவர் கையில் இருக்கின்றது.

இனி, எம் பிழை எங்கே என்று பார்ப்போம். உலாவி எமது சுவடுகளை ஓரிடத்தில் மட்டும் வைப்பதில்லை. ஓர் அலுமாரியிலே ஐந்து லாச்சிகள் உள்ளனவாகக் கொள்க. முதலாவது லாச்சி பதுக்கு. அங்கே படங்களும் பக்கத் துண்டுகளும் கிடக்கும். இரண்டாவது வரலாறு, எந்தெந்த முகவரிக்கு எப்போது போனோம் என்னும் நாட்குறிப்பு அது. மூன்றாவது குக்கீ; 'இவர் கடவுச்சொல் சொல்லி உள்ளே வந்தவர்' எனக் காட்டும் அனுமதிச் சீட்டு அதிலேதான் இருக்கும். நான்காவது, சேமித்த கடவுச்சொற்களும் படிவங்களில் நிரப்பிய பெயர், தொலைபேசி இலக்கம் முதலியனவும். ஐந்தாவது தரவிறக்கக் கோப்புறை. நாமே இறக்கிய கோப்புகள் அங்கே தங்கும்.

அச்சகோதரியின் விடயத்தில் முகவரியைக் காட்டிக் கொடுத்தது இரண்டாவது லாச்சி. கதவைத் திறந்துவிட்டது மூன்றாவது லாச்சி. அறிக்கையின் முழுப் பிரதியோ ஐந்தாவது லாச்சியில் எவரும் எடுக்கும்படி கிடந்தது. யாம் துப்புரவாக்கியது முதலாவது லாச்சியை மட்டுமே! 'பதுக்கை அழித்துவிட்டோம்' என்று ஒருவர் சொன்னால் மற்ற நான்கும் என்ன ஆயின என்று கேளுங்கள். இவ்வுரையிலிருந்து ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதாயின், இக்கேள்வியைக் கொண்டுபோங்கள்.

அவ்வாறாயின் பதுக்கு முற்றிலும் மாசற்றதோ எனின், அதுவும் அன்று. 2000ஆம் ஆண்டிலே பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் ஃபெல்ற்றன், மைக்கேல் ஷ்னைடர் என்னும் இருவர் ஒரு நுட்பத்தை வெளியிட்டனர். பதுக்கிலுள்ள பொருள் விரைவாக வரும். இல்லாதது தாமதித்து வரும். ஓர் இணையத்தளம் மற்றொரு தளத்தின் படத்தை வரவழைத்து, அது வந்துசேர எடுத்த நேரத்தை அளந்தால், நீர் அந்த மற்றத் தளத்துக்கு முன்னரே போனீரா இல்லையா என்பதை உம்மைக் கேளாமலே ஊகித்துவிடும். அடுப்பு மூட்ட முன்னரே சோறு வந்தால், அது பழஞ்சோறு என்று விருந்தாளி அறிந்துகொள்வதைப் போன்றது இது.

இதற்கு உலாவி செய்வோர் கண்ட பரிகாரம் பதுக்கைப் பிரித்தல். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பேணி; ஒன்றின் பேணியை மற்றொன்று தொடல் ஆகாது. சபாரி உலாவி 2013ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தொடங்கியது. குறோம் 2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 86ஆம் பதிப்பிலிருந்தும், பயர்பொக்ஸ் 2021ஆம் ஆண்டு சனவரியில் 85ஆம் பதிப்பிலிருந்தும் இதனைக் கைக்கொண்டன. ஒரே எழுத்துருவைப் பத்துத் தளங்கள் பயன்படுத்தினால் இப்போது பத்து முறை இறக்க வேண்டும். இதனால் வலையிலிருந்து இறங்கும் தரவு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு கூடியதெனக் குறோம் பொறியியலாளர் கணித்தனர். அந்தரங்கத்துக்குக் கொடுத்த விலை அவ்வளவே. பெரிய விலையென்று யாம் கருதவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது உலாவியைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்துக்கொள்வது மாத்திரமே.

இனி அமைப்பு முறைக்கு வருவோம். உங்களுக்கே உரிய கணினி, நீங்கள் ஒருவரே கையாளும் கைத்தொலைபேசி ஆகியவற்றிலே பதுக்கை நிறுத்த வேண்டாம். நாள்தோறும் அழிக்கவும் வேண்டாம். அழிப்பதால் வேகம் கூடும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மை மறுதலையாகும். அழித்த மறுகணம் எல்லாவற்றையும் மீள இறக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். ஒரு தளம் உருக்குலைந்து தோன்றினாலோ, சேமிப்பிடம் மிகக் குறுகினாலோ அழிக்கலாம். பதுக்கின் அளவை உலாவி தானே கணித்துக்கொள்ளும். அதனை வலிந்து பெருப்பித்தலால் பெரும் பயன் விளைவதில்லை.

பலர் கையாளும் கணினிக்கு நீதி வேறு. யாம் இப்போது வாசிகசாலையிற் செய்திருப்பனவற்றைச் சொல்லுகின்றோம்; வேறு சங்கத்தார் விரும்பினாற் கைக்கொள்ளலாம்.

குறோம் உலாவியிலே 'விருந்தினர்' என்றொரு முறை உண்டு. வருவோர் அம்முறையிலேயே நுழைகின்றனர். அவர் சாளரத்தை மூடிப் போனதும் வரலாறும் குக்கீயும் பதுக்கும் அவருடனேயே போய்விடுகின்றன. பயர்பொக்ஸில், மூடும்போது வரலாற்றை அழிக்கும்படி அமைத்து, எவை எவை அழிய வேண்டும் என்னும் பட்டியலிற் குக்கீயையும் பதுக்கையும் சேர்த்திருக்கின்றோம். மேலும், முகவரிப் பெட்டியில் 'அபௌற்:கொன்ஃபிக்' எனத் தட்டி உட்புகுந்து, 'பிறவுசர்.கேஷ்.டிஸ்க்.இனேபிள்' என்பதை மறுத்துவிட்டோம். இதனாற் பதுக்கு வன்தட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் மட்டும் இருக்கும். உலாவி திறந்திருக்கும் வரையில் வேகம் கிட்டும். மூடினாற் சுவடு வன்தட்டில் தங்காது. வேகத்தையும் அந்தரங்கத்தையும் இயன்றவரை சமன்செய்யும் வழி இது. கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதியையும் நிறுத்திவிட்டோம். தரவிறக்கக் கோப்புறையை உலாவி தானாகத் துப்புரவாக்கும் என நம்பியிருத்தல் ஆகாது. அதனை ஒவ்வொரு நாளும் மாலை பொறுப்பாளர் தம் கையாலேயே வெறிதாக்குகின்றார். குப்பைத்தொட்டியையும் காலி செய்கின்றார்.

வேறிடத்துப் பொதுக் கணினியில் அமர நேர்ந்தால், வாலிபர்களே, எழும்ப முன் மூன்று காரியம் செய்யுங்கள். முதலில், புகுந்த கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறுங்கள். சாளரத்தை மூடுதல் வெளியேறுதல் ஆகாது. அடுத்து, கொன்றோல், ஷிஃப்ற், டிலீற் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தி, வரும் பட்டியலில் வரலாறு, குக்கீ, பதுக்கு ஆகியவற்றைத் தெரிந்து, நீங்கள் இருந்த காலம் முழுவதுக்கும் அழியுங்கள். மூன்றாவதாக, இறக்கிய கோப்பைத் தேடி நீக்குங்கள். 'என்னை நினைவில் வைத்துக்கொள்' என்னும் கட்டத்திலே முன்னரே குறி இடப்பட்டிருந்தால், உட்புகும்போதே அதனை எடுத்துவிட மறவாதீர்கள். உலாவிக்குள்ளேயே உங்கள் கூகிள் கணக்கை இணைத்தலும் கூடாது. பிறர் வீட்டு அலுமாரியில் உங்கள் பெட்டகத் திறப்பைத் தொங்கவிடுவதற்கு அது சமானம்.

அந்தரங்கச் சாளரம் ஒன்று இருக்க இவ்வளவு தொல்லை ஏன் என்று கேட்பீர்கள். அது நல்லதே, பயன்படுத்துங்கள். ஆனால் அது மறைப்பது அந்தக் கணினியை அடுத்துக் கையாள்பவரிடமிருந்து மட்டுமே. இணைய இணைப்பு வழங்குவோர்க்கும், நீங்கள் செல்லும் தளத்தார்க்கும் அது திரையாகாது. அச்சாளரத்தில் நடமாடியோரின் தரவையும் சேகரித்ததாகக் கூகிள் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வழக்குத் தொடரப்பட்டது. அவ்வகைப் பதிவுகள் பலகோடிக் கணக்கானவற்றை அழிக்க அந்நிறுவனம் உடன்பட்ட செய்தி 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்தது. பெயரை நம்பாது, அது எதை மறைக்கும், எதை மறைக்காது என்று அறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

அன்பர்களே, இதுகாறும் கூறியன எல்லாம் பொறியைப் பற்றியவை. மனிதரைப் பற்றியும் ஒன்று கூறி முடிக்கின்றோம். எத்துணைக் கவனமாக அமைத்தாலும் என்றோ ஒருநாள் ஒருவர் மறந்துவிட்டுப் போன கடிதமோ, கணக்கோ, அறிக்கையோ உங்கள் கண்ணிற் படத்தான் செய்யும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது மிகச் சிறிது. வாசியாதீர்கள், மூடுங்கள், பொறுப்பாளரிடம் தனியே சொல்லுங்கள், வேறு எவரிடமும் சொல்லாதீர்கள். புறங்கூறாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் பரீட்சைக்காகப் படித்த நாம், வாசிகசாலையிற் கணினியின் முன் அமரும்போது மறந்துவிடலாமா? அந்த மாணவனை யாம் கண்டிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவர்கள் யாம். உள்ளே எட்டிப் பார்த்த பிள்ளையை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. இன்று அவனே எமது பொறுப்பாளருக்கு உதவியாக இருந்து, மாலைதோறும் ஐந்து லாச்சிகளையும் துப்புரவாக்குகின்றான்.

அத்தாயார் சிகிச்சை பெற்று வருகின்றார். யாம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அன்புடன் தேநீர் தந்து அனுப்பினார். ஆனால் அவர் மகள் இன்னும் எமது வாசிகசாலைப் படி ஏறவில்லை. அவர் மீண்டும் அஞ்சாது வந்து அந்தக் கணினியின் முன் அமரும் நாளே எமது சீர்திருத்தம் நிறைவெய்திய நாளாகும். அதுவரை இப்பணி முடிந்ததாக அறிக்கையில் எழுதமாட்டோம்.